ஜூமில் ஒரு கிராமத் திருச்சபை: அட்வெந்து முதல் கல்லறைத் திருநாள் வரை

இணையத்தில் ஆராதனை நடத்துகிற பலர் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே மாதிரிதான் நடத்துகிறார்கள். ஆரம்ப ஜெபம், இரண்டு பாட்டு, வேதபாடம், நீண்ட பிரசங்கம், ஆசீர்வாதம். முதல் சில மாதம் கூட்டம் வரும். அப்புறம் திரையில் பெயர் மட்டும் இருக்கும், அந்தப் பெயருக்குரியவர் அடுப்படியில் இருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. செய்ய ஒன்றும் கொடுக்காமல் பார்க்க மட்டும் சொன்னால் யாராக இருந்தாலும் எழுந்து போவார்கள்.

கோவிலில் நாம் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. குருத்தோலை பிடிக்கிறோம், ஈஸ்டருக்கு இருட்டில் எழுந்து போகிறோம், விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கிற அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காயைத் தோளில் சுமக்கிறோம். திருச்சபையின் நாட்காட்டி கைக்கும் காலுக்கும் வேலை வைத்துக்கொண்டே போகிறது. இணைய சபை அதைப் பிடித்துக்கொண்டால் பிழைக்கும். ஒவ்வொரு காலத்துக்கும் வேறு வடிவம், ஒவ்வொரு வீட்டிலும் கையால் செய்ய ஏதாவது ஒரு காரியம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

நான் குருவானவர் இல்லை. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமத் திருச்சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நடுவில் கோவிலைப் பூட்டினோம். அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஏப்ரல் 12, இரண்டும் போனுக்குள்ளேயே போயின. கோவில் திறந்த பிறகும் இணையக் கூடுகையை நிறுத்தவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் துபாய், தோஹா, சிங்கப்பூர், மெல்பர்ன், லண்டன், டொராண்டோ என்று கிடக்கிறார்கள். ஞாயிறு காலை ஊரில் கோவில், மாலையில் அவர்களோடு ஜூம். காலை ஆராதனைக்குப் பதிலாக இதை வைக்காதீர்கள். பக்கத்தில் கோவில் இருக்கிறவர்கள் கோவிலுக்குப் போகட்டும்.

முதலில் நேரம்

எங்கள் நேரம் இந்தியாவில் மாலை 5 மணி. துபாயில் 3.30, சிங்கப்பூரில் இரவு 7.30. மெல்பர்ன், லண்டன், டொராண்டோ மூன்றிலும் வருஷத்தில் இருமுறை கடிகாரம் மாறுகிறது, அதுவும் மூன்றும் வேறு வேறு நாளில். டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, அதாவது பெரும்பாலும் லெந்து நடுவில். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு. மெல்பர்னில் ஏப்ரல் முதல் ஞாயிறு. ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழும் என்பதால் அந்த நாளிலேயே கடிகாரமும் மாறுவது உண்டு. 2026 ஈஸ்டர் ஏப்ரல் 5, மெல்பர்னில் கோடை நேரம் முடிவதும் அன்றே. 2027 ஈஸ்டர் மார்ச் 28, லண்டனில் கோடை நேரம் தொடங்குவதும் அன்றே. அதனால் அழைப்பு அனுப்பும்போது இந்திய நேரத்தை மட்டும் போட்டு, "உங்க ஊருக்குக் கணக்குப் போட்டுக்கோங்க" என்று விடக்கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் எதிரே மணியை எழுதி அனுப்புங்கள். லெந்து தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து, ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வருகிற பெந்தெகொஸ்தே வரை இதற்கென்று ஒரு ஆளையே போடலாம்.

வளைகுடா விஷயம் தனி. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறை. கத்தார், குவைத்தில் இன்னும் வெள்ளி, சனிதான். தோஹாவில் இருக்கிற பையனுக்கு ஞாயிறு மதியம் 2.30-க்கு நம் கூட்டம், அவன் சைட்டில் நிற்பான். அவனைப் போன்றவர்களுக்காக வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் சின்ன ஜெபக் கூட்டம் ஒன்று வைத்திருக்கிறோம். கட்டணமில்லாத ஜூம் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். அரை மணிக்கு அதுவே போதும்.

பாட்டும் சத்தமும்

இணையத்தில் எல்லாரும் சேர்ந்து பாட முடியாது. இதை ஏற்றுக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. குரல் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர ஒரு நொடிக்குள் ஏதோ கொஞ்சம் ஆகிறது. பேச்சில் அது தெரியாது, தாளத்தில் தெரிந்துவிடும். ஒரு வீடு பாடட்டும், மற்ற வீடுகள் மைக்கை மூடிக்கொண்டு வாய்விட்டுப் பாடட்டும். வாரம் ஒரு வீடு என்று முறை வையுங்கள். மாறிமாறி வாசிக்கும் சங்கீதத்துக்கும் இதே முறைதான்: நடத்துகிறவர் ஒரு வசனம், அந்த வாரத்து வீடு மறு வசனம்.

ஜூம் பின்னணிச் சத்தத்தை வெட்டுவதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. அது ஆர்மோனியத்தையும் கஞ்சிராவையும்கூட இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஆடியோ அமைப்பில் "ஒரிஜினல் சவுண்ட்" என்று இருப்பதை, வாசிக்கிறவர் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாரும் போட்டால் ஊர்க்கோழி எல்லாம் கூட்டத்தில் சேரும்.

யூடியூபில் நேரலை போடுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கணக்கில் முதல்முறை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகும், அதனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அதில் கைவைக்காதீர்கள். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் இறந்தவர். அவர் கீர்த்தனை வரிகளுக்கு இன்று உரிமை கேட்க ஆளில்லை. ஆனால் அதே கீர்த்தனையை ஒரு கம்பெனி வெளியிட்ட பின்னணி இசையோடு போட்டால் அந்த ஒலிப்பதிவுக்கு உரிமை உண்டு, யூடியூப் பிடித்துவிடும். உங்கள் சபைப் பிள்ளை கீபோர்டில் தப்பும் தவறுமாக வாசித்தாலும் அதுவே மேல்.

அட்வெந்து, கிறிஸ்துமஸ்

நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றில், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படுகிற அட்வெந்து காலம் தொடங்குகிறது. 2026-இல் நவம்பர் 29. கணினிக்குப் பின்னால் தெரிகிற மேசையில் ஊதாத் துணி விரியுங்கள். லெந்துக்கும் ஊதாதான். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மற்ற நாட்களில் பச்சை. எல்லா வீட்டிலும் அந்த நிறத்தில் ஏதாவது ஒரு துண்டு துணி இருக்கும். இருபது சிறு கட்டங்களிலும் ஒரே நிறம் தெரியும்போது அது ஒரே கோவில்தான். செலவே இல்லாத ஏற்பாடு.

முதல் வாரம் ஒரு மெழுகுவர்த்தி, பிறகு வாரம் ஒன்று கூட்டி நான்கு. எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டு, சின்னப் பிள்ளை ஏற்ற வேண்டும். நம் ஐந்து மணி துபாயிலும் லண்டனிலும் பட்டப்பகல், டொராண்டோவில் இன்னும் விடிந்திருக்காது. இருக்கட்டும். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஏற்றலாம். எங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழைக்குக் கரண்ட் போய்விடும், விளக்கை அணைக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். வைஃபையும் சேர்ந்து போகும் என்பதால் நடத்துகிறவர் போன் டேட்டாவைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

டிசம்பர் ஒன்றாம் தேதியே கேரல் பாடத் தொடங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. இது என் தனிப்பட்ட பிடிவாதம், வாலிபர் சங்கத்தில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அட்வெந்து காத்திருக்கிற காலம். மூன்றாம் வாரம் வரைக்குமாவது கிறிஸ்துமஸ் பாட்டை அடக்கி வைத்துப் பாருங்கள்.

கேரல் ரவுண்ட்ஸை மட்டும் ஜூமுக்காக மாற்றாதீர்கள். ஊரில் அது எப்போதும்போல் காலால் நடக்கட்டும். பாடகர் குழுவோடு போகிற ஒரு பையன் போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பவர் பேங்கைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். வெளியூர்ப் பிள்ளைகள் தெருத்தெருவாகக் கூடவே வருவார்கள். தங்கள் வீட்டு வாசல் வரும்போது அம்மா முறுக்குத் தட்டோடு வெளியே வருவதைப் பார்ப்பார்கள். "ஏல, சாப்பிட்டியா?" என்று அம்மா போனைப் பார்த்துக் கேட்பாள், கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நிற்பார். பாட்டு அரை நிமிடம் தாமதமாகட்டும். அந்தந்த வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நைட்டியோடு வெளியே வந்துவிட்டோமே என்று யாரும் பிறகு வருத்தப்படக் கூடாது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பன்னிரண்டு அடிக்காது. மெல்பர்னில் புது வருஷம் நமக்கு மாலை 6.30-க்கே பிறந்துவிடும், டொராண்டோவில் மறுநாள் காலை 10.30-க்கு. நாங்கள் ஊர் நேரத்துக்கு 11 மணிக்குக் கூடுவோம். வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு, வராதவர்கள் பேரையும் சொல்லி ஒரு பிள்ளை எடுக்கும். அவரவர் அட்டையைப் படம் பிடித்து அனுப்பிவிடுவோம். ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755-இல் ஆரம்பித்த வழக்கம், மெதடிஸ்ட் சபையாரோடு 1947-இல் நம் ஐக்கியத்துக்குள் வந்தது. அவரவர் வாயால் வாக்குக் கொடுக்கிற ஆராதனை என்பதால் இணையத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

லெந்து: கேமராவை அணைக்கலாம்

ஈஸ்டருக்கு 46 நாள் முன்னால் சாம்பல் புதன். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. அந்த நாற்பது நாளும் தினமும் ஜூமில் கூடலாம் என்று யாராவது உற்சாகமாகச் சொல்வார்கள். வேண்டாம், இரண்டாவது வாரமே நடத்துகிறவரும் அவர் மனைவியும் மட்டும் இருப்பார்கள். அதற்குப் பதில் வாட்ஸாப்பில் விடியற்காலை ஒரு குரல் பதிவு. மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது: ஒரு வேதபகுதி, இரண்டு வாக்கியம், கர்த்தருடைய ஜெபம். நாற்பது நாளுக்கு நாற்பது பேர். இதில் வயதானவர்களை முதலில் சேருங்கள். ஜூமில் வாய் திறக்காத பாட்டிமார், பேரன் போனைப் பிடித்துக்கொண்டால் அருமையாக வாசிப்பார்கள். வீடியோ கேட்காதீர்கள். குரல் மட்டும் இருந்தால் பஸ்ஸில் போகிறவனும் சமைக்கிறவளும் கேட்கலாம், டேட்டாவும் தின்னாது.

அந்தக் குழுவில் லெந்து முடிகிற வரை ஆமென் ஸ்டிக்கர், பூங்கொத்து, குட் மார்னிங் படம் எதுவும் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பலருக்கு உபவாசத்தைவிட இது கஷ்டம்.

பரிசுத்த வாரம்

இந்த வாரத்துக்காக ஒரு மாதம் மட்டும் ஜூமுக்குக் காசு கட்டுங்கள். 40 நிமிடக் கணக்கை வைத்துக்கொண்டு பெரிய வெள்ளி நடத்த முடியாது.

குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை கிடைக்காத ஊரில் பச்சைக் காகிதத்தை நீளமாக வெட்டி மடித்தால் போதும். ஊரிலிருந்து ஒரு தாத்தா ஓலைச் சிலுவை மடிப்பதை முந்தின நாள் மெதுவாக வீடியோ எடுத்து அனுப்பினால் பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள். ஆராதனை தொடங்கும்போது எல்லாரும் வீட்டுக்கு வெளியே நிற்கட்டும். ஓலையோடு வாசலிலிருந்து உள்ளே நடந்து வரட்டும். இரண்டு அறை உள்ள பிளாட்டில் அது பத்து அடிதான், ஆனாலும் பவனி பவனிதான்.

பெரிய வியாழனுக்கு நற்கருணைக் கேள்வி வரும். அவரவர் வீட்டில் அப்பமும் ரசமும் வைத்துக்கொண்டு, குருவானவர் திரையில் ஆசீர்வதித்தால் ஆகாதா? ஆகும் என்கிற சபைகள் உண்டு. ஆகாது என்பது என் கட்சி. இணையத்தில் நற்கருணை போன்ற திருவருட்சாதனம் கிடையாது என்று வத்திக்கான் 2002-லேயே எழுதியது. நான் அவர்கள் சபையான் இல்லை, ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம். ஒரே பந்தி என்றால் ஒரே அப்பத்தைப் பிட்டுக் கைக்குக் கை கொடுக்க வேண்டும். உங்கள் குருவானவர் வேறு மாதிரி நினைத்தால் அவர் சொல்படி செய்யுங்கள், அவரைக் கேட்காமல் மட்டும் எதுவும் செய்யாதீர்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவரும் வழக்கம் எப்போதும் இருக்கிறது. அவர்கள் பெயர்ப் பட்டியலைச் சேகரகுருவிடம் (பொறுப்பிலுள்ள குருவானவரிடம்) லெந்து தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

அன்றைக்கு நாங்கள் செய்வது, இயேசு சீஷர்கள் காலைக் கழுவுகிற யோவான் 13-ஆம் அதிகாரம். ஒரு பேசின், செம்பில் தண்ணீர், துவாலை. வாசிக்கும்போதே வீட்டில் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். மாமியார் காலை மருமகள் கழுவுவது தினமும் நடக்கிற சேவைபோல ஆகிவிடும், அதனால் பெரியவர்கள்தான் சின்னவர்கள் காலைக் கழுவ வேண்டும் என்று சட்டம். அந்த நேரம் கேமராவை அணைத்துவிடச் சொல்லுவோம். தோஹாவில் ஆறு பேர் படுக்கிற அறையில் தனியாக இருக்கிற பையன் யார் காலைக் கழுவுவான்? அன்று ராத்திரி அறையில் எல்லார் சாப்பாட்டுத் தட்டையும் அவன் கழுவட்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய வெள்ளி மும்மணி தியானம்தான் வருஷத்திலேயே இணையத்துக்கு மிகவும் பொருத்தமானது. பகல் 12 முதல் 3 வரை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், வார்த்தைக்கு ஏறக்குறைய 25 நிமிடம். ஏழு வீடுகளுக்கு ஏழையும் கொடுத்துவிடுங்கள். வேதபகுதி, பாட்டு, தியானம், ஜெபம் எல்லாம் அந்த வீட்டின் பொறுப்பு. மூன்றாம் வார்த்தை தாயையும் சீஷனையும் பற்றியது. அதை, அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்குக் கொடுங்கள். "தாகமாயிருக்கிறேன்" என்பதை வெயிலில் வேலை செய்கிறவருக்குக் கொடுங்கள். குருவானவர் பேசினால்கூட இவ்வளவு பாரமாக விழாது. நம் பன்னிரண்டு மணி டொராண்டோவில் நள்ளிரவு தாண்டி 2.30, அவர்கள் பங்கைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லிவிடலாம். அமீரகத்தில் அன்று விடுமுறை கிடையாது, இடையில் வந்து இடையில் போகிறவர்களை "எங்க போனீங்க?" என்று கேட்காதீர்கள்.

வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடையே மௌனம் விடுவீர்கள் அல்லவா? திரையில் மௌனம் வந்தால் "நெட் போயிடுச்சா, கேக்குதா?" என்று யாராவது சத்தம் போடுவார்கள். அதற்கு ஒரே வழி, அசைகிற ஒன்றைக் காட்டுவது. எரிகிற ஒற்றை மெழுகுவர்த்தியின் நேரலைப் படத்தை அந்த நேரத்தில் போடுங்கள். சுடர் ஆடுவதைப் பார்த்தால் இணைப்பு இருக்கிறது என்று தெரிந்து பேசாமல் இருப்பார்கள்.

ஈஸ்டரும் பெந்தெகொஸ்தேயும்

ஊரில் அதிகாலை 4.30 ஆராதனை என்றால் லண்டனிலும் டொராண்டோவிலும் இன்னும் சனிக்கிழமை இரவு. கல்லறை திறக்கும் முன்னே அல்லேலூயா பாடச் சொல்வது சரியில்லை. அதனால் இரண்டாகப் பிரியுங்கள். அதிகாலை ஆராதனையை ஊர்க் கோவிலிலிருந்தே ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் காட்டுங்கள். 2027 கணக்குப்படி அப்போது சிங்கப்பூரில் காலை 7, மெல்பர்னில் 10. மாலை 5 மணிக் கூட்டத்தை டொராண்டோவில் இருக்கிறவர்கள் நடத்தட்டும், அங்கே காலை 7.30, அப்போதுதான் சூரியன் எழும்பியிருக்கும். வெளியே போய் நின்று அந்த வெளிச்சத்தைக் காட்டச் சொல்லுங்கள். குளிருக்கு முணுமுணுப்பார்கள்.

பெந்தெகொஸ்தே ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாள். அன்று ஒரு நாள் மட்டும் எல்லாருடைய மைக்கையும் திறந்துவிட்டு, கர்த்தருடைய ஜெபத்தை அவரவருக்கு வருகிற பாஷையில் ஒரே நேரத்தில் சொல்லச் சொல்லுங்கள். தமிழ், மலையாளம், இங்கிலீஷ், பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு. ஒன்றும் புரியாது. அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தில் வெளியே நின்றவர்கள், பல பாஷையில் பேசிய சீஷர்களைப் பார்த்து, இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று ஏன் சொன்னார்கள் என்பது பிள்ளைகளுக்கு அன்றுதான் விளங்கும்.

பச்சை மாதங்கள்

அதற்குப் பிறகு அட்வெந்து வரை ஏறக்குறைய ஆறு மாதம் பண்டிகை குறைவு. இணைய சபைகள் உதிர்வது இங்கேதான். எண்ணிக்கையைப் பார்த்துக் கலங்காமல் கூட்டத்தைச் சுருக்குங்கள். நாங்கள் ஜூலை, ஆகஸ்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கூடுவோம். சி.எஸ்.ஐ. நாட்காட்டியில் ஞாயிற்றுக்கு ஒரு தியானப் பொருள் கொடுத்திருப்பார்கள், அதையே பின்பற்றினால் நடத்துகிறவர் தனக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பப் பேசுவது தடைபடும். செப்டம்பர் 27 தென்னிந்தியத் திருச்சபை உருவான நாள், அதை ஒட்டி ஒரு கூட்டம் வைக்கலாம்.

அறுப்பின் பண்டிகை வந்தால் மறுபடி கூட்டம் சேரும், காரணம் ஏலம். ஊரில் படைத்த கருப்பட்டி, முருங்கைக்காய், தேங்காய்க் குலை, சேவல் எல்லாவற்றுக்கும் எண் போட்டு முந்தின நாளே படம் அனுப்பிவிடுங்கள். ஏலம் கேட்கிறவர்களுக்கு மட்டும் மைக் திறந்திருக்கட்டும். இங்கே கோவில் வளாகத்தில் நிற்கிற அண்ணாச்சிக்கும் சிங்கப்பூரில் இருக்கிற மருமகனுக்கும் ஒரு பூசணிக்காய்க்குப் போட்டி வந்தால் கடைசியில் என்ன விலைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வெளியூரில் எடுத்தவர் அந்தப் பொருளை ஊரில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும், எந்த வீடு என்பதை ஏலம் முடியும்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் சேவல் யாரிடம் நிற்கும்?

பணத்தில் கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் வெளிநாட்டில் இருந்தாலும் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது அந்நிய நிதி ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அனுப்புவது அந்நிய நிதிதான். அந்நிய நிதி வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு இல்லாத சபை அதை வாங்கக்கூடாது. யார் எந்தப் பாஸ்போர்ட் என்று பொருளாளர் ஏலத்துக்கு முன்னாலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும். காணிக்கை தனியார் ஒருவருடைய ஜி-பே எண்ணுக்கு வரவே கூடாது, அது நான் என்றாலும்.

கல்லறைத் திருநாள்

நவம்பர் 2. ஊரில் இருக்கிறவர்கள் முந்தின நாளே கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். வர முடியாதவர்கள் எந்தக் கல்லறைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், வரிசையாக ஒரு பட்டியல் போட வேண்டும். ஒருவர் போனைப் பிடிக்க, இன்னொருவர் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கூடவே நடப்பார். ஒவ்வொரு கல்லறையிலும் நின்று, அந்த வீட்டுப் பிள்ளையின் மைக்கை மட்டும் திறந்துவிடுவோம். பேசினாலும் சரி, பேசாமல் அழுதாலும் சரி, மூன்று நிமிடம் அவர்களுக்கு. இந்த நேரத்தில் பின்னணிப் பாட்டு போடாதீர்கள். தோட்டத்தின் ஓரத்தில் சிக்னல் இருக்காது, முந்தின நாள் எந்தக் கம்பெனி சிம் எங்கே எடுக்கிறது என்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

இதைப் பதிவு செய்யவே வேண்டாம். மற்ற கூட்டங்களைப் பதிவு செய்தாலும் ஒரு மாதத்தில் அழித்துவிடுகிறோம், பிள்ளைகள் முகம் தெரிகிற எதையும் யூடியூபில் பொதுவில் போடுவதில்லை. கூட்டத்துக்குள் நுழைகிறவர்களை வெயிட்டிங் ரூமில் நிறுத்திப் பெயர் பார்த்து விடுவதற்கு வருஷம் முழுக்க ஒரு ஆள் இருக்கிறார்.

கல்லறைத் திருநாளுக்கும் அட்வெந்துக்கும் இடையில் மூன்று, நான்கு வாரம் கிடைக்கும். அதற்குள் அடுத்த வருஷத்துக்கான முறைப் பட்டியலைப் போட்டுவிடுங்கள்: எந்த வாரம் எந்த வீட்டுப் பாட்டு, லெந்து நாற்பது பேர் யார் யார், ஏழு வார்த்தை எந்த ஏழு வீட்டுக்கு. போன வருஷம் பேசாதவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.